பிழையில்லாத அரபி

ஜனவரி 6
அரபி முதல் பாடம். நான் ஒரு பாடம் முன்னால். ஐந்து வயதுப் பெரியவளும் மூன்று வயதுச் சின்னவனும் என் பின்னால். மனைவி நர்ஸாக இருக்கும் ஊரில் பள்ளிக்கூடம் அரபியில்தான். மார்ச்சில் தலைமையாசிரியை வீடியோவில் பேசிப் பார்ப்பாராம். பெரியவள் தேறினால் நால்வரும் ஒரே வீடு. தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இப்படியே.

சின்னவனுக்கு அம்மா என்றால் போன். நேற்று அது சார்ஜ் ஏறுவதைக் காட்டி, "அம்மா சாப்பிடுறா" என்றான்.

ஜனவரி 9
வலமிருந்து இடம். பெரியவள் உடனே பிடித்துக்கொண்டாள். சின்னவன் செருப்பையே மாற்றித்தான் போடுகிறான். அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஜனவரி 20
மனைவி போனில்: "என்னங்க, இலக்கணப் புத்தகத்த வச்சா சொல்லித் தர்றீங்க? இங்க யாரும் அப்படிப் பேசுறதில்ல. கடையில பேசுறத நான் சொல்றேன், அதச் சொல்லிக் குடுங்க."

அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். தப்பும் தவறுமாக ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 14
பெரியவள் மூச்சுவிடாமல் ஏழு வாக்கியம். ஒரு பிழை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 3
சிரித்துவிட்டார்கள்.

தலைமையாசிரியை பேர் கேட்டார். பெரியவள் எழுந்து நின்று முழு வாக்கியமாகச் சொன்னாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு டீச்சர்களைக் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். குழந்தை வாயை மூடியது மூடியதுதான். அடுத்த எட்டுக் கேள்விக்கும் என் முகத்தையே பார்த்தாள்.

"நான் தப்பா சொன்னேனாப்பா?"

இல்லடி தங்கம். தப்பு என்னோடது. உங்கம்மா எவ்வளவு தூரம் சொன்னா! கேட்டேனா? பெரிய பண்டிதன்!

மார்ச் 4
மனைவி விளக்கினாள்: "ஒரு அஞ்சு வயசுப் புள்ள நம்ம வீட்டுக்கு வந்து, 'அன்னையே, தாகம் எடுக்கின்றது, நீர் அருள்வீர்'னு சொன்னா நீங்க சிரிப்பீங்களா, மாட்டீங்களா?"

சிரிப்பேன்.

மார்ச் 11
இடம் கிடைத்துவிட்டது! கெட்டிக்காரப் பிள்ளை, மற்ற பிள்ளைகளோடு விளையாடிப் பழகிக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை: அதுவரை தகப்பனார் எதுவும் சொல்லித்தரக் கூடாது.

கடிதத்தை மூன்று முறை பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட அகப்படவில்லை.

மே 2
நாங்கள் மூவரும் இங்கே மனைவியிடம் வந்து ஒன்பது நாள். சின்னவன் அம்மாவைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிகிறான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு. என்ன சொல்லித் தேற்றுவது?

மே 3
இன்றும்.

ஜூன் 8
நால்வரும் ரொட்டிக்கடைக்குப் போனோம். நான் முறைப்படி கேட்டேன். கடைக்காரர் உள்ளேயிருந்த தம்பியைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். "அப்பா, நீ சும்மா இரு" என்று பெரியவள் இரண்டே வார்த்தையில் வாங்கிவிட்டாள்.

திரும்பும்போது சின்னவனைத் தூக்கக் கை நீட்டினேன். அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வரமாட்டேன், போ."

என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வயிறு குளிர்ந்துவிட்டது. ரொட்டிப் பையை நான் தூக்கி வந்தேன்.