எண்ணெய் வியாபாரம்

3-7-1962
புதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். “ஒங்க வீட்டுக்காரர் என்ன செய்யுதாக?” என்று ஜைனப் டீச்சர் கேட்டாள். “எண்ணெய் வியாபாரம்” என்றேன். பொய்யா? தென்காசி ரயிலடி டிப்போவில் கூலியாக அவர் வேகனிலிருந்து இறக்குவதும் எண்ணெய்தானே. ஆனால் “செக்கு சொந்தமா?” என்றதற்கும் தலையாட்டினேனே, அது?

6-7-1962
இன்று என்ன இறக்கினார் என்று வாடையிலேயே சொல்லிவிடுவேன். விளக்குக்குப் போகும் மண்ணெண்ணெய் என்றால் குளித்ததும் போய்விடும். பம்புசெட்டுக்கான குரூடாயில் சட்டையில் தங்கும். இன்று பர்னஸ் ஆயில். ஆலை பாய்லருக்கான கருங்குழம்பு, சூடு காட்டினால்தான் இளகும். நகக்கண்ணை விட்டுப் போகாது. சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்துவிட்டார். சோற்றில் கை வைக்காமல், சாப்பிட ஒரு கரண்டி கேட்டார்.

10-7-1962
ஞாயிற்றுக்கிழமை டீச்சர்கள் எல்லாரும் குற்றாலம். நல்ல சாரலாம். “நல்லெண்ணெய் ஒங்க பொறுப்பு. செக்கு வச்சிருக்கீகள்லா!” என்றார் தலைமையாசிரியை. கடையில் வாங்கி ஒரு டின்னில் ஊற்றி வைத்தேன்.
“எதுக்குட்டி இம்புட்டு எண்ணெய்?” என்றார் அவர்.
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “சரி” என்றார். திட்டியிருக்கலாம்.

15-7-1962
டின்னை மறந்துவிட்டேன். பஸ் கிளம்பும் நேரத்தில், வேலைக்குப் போகிற கறைபடிந்த காக்கிச் சட்டையோடு இவர் ஓடிவந்து நீட்டினார்.
“யாருப்பா நீ?” என்றார் தலைமையாசிரியை.
இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். “செக்குல வேலை பாக்கேன். அம்மா மறந்துட்டாகன்னு முதலாளி குடுத்துவிட்டாக.”
அம்மா — நான்! வாயைத் திறந்தேனா? டின்னை வாங்கிக்கொண்டேன். சீ, நானும் ஒரு பொம்பளையா?
எண்ணெய் அருமை என்று எல்லாரும் தேய்த்துக் குளித்தார்கள். நான் தலையில் ஒரு சொட்டுக்கூட வைக்கவில்லை.

16-7-1962
அவர் எப்போதும்போல இருக்கிறார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

19-7-1962
எட்டாம் வகுப்பில் இன்று பெட்ரோலியப் பாடம். பர்னஸ் ஆயில் எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்குமேல் பாடம் ஓடவில்லை.
இடைவேளையில் ஜைனப் டீச்சரும் தலைமையாசிரியையும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். “எங்களுக்குச் செக்கெல்லாம் கெடையாது. அன்னைக்கு டின் கொண்டுவந்தாகள்லா, அவுகதான் எங்க வீட்டுக்காரர்.” தலைமையாசிரியை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.
ராத்திரி சோறு போட்டேன், கரண்டி வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னதைச் சொன்னேன். “ஒவ்வொரு எண்ணெயிலயும் கொஞ்சம் குப்பியில எடுத்துக்கிட்டு வகுப்புக்கு வாரீகளா? பிள்ளைகளுக்குக் காட்டணும்.”
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: “முதலாளியக் கேட்டுச் சொல்லுதேன், அம்மா.”