ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை

ஜூலை 8, 1986. பாடாலூர்.

காற்று, புழுதி. சத்துணவுக் கூடத்து ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்குவதற்குள் மணி பதினொன்று. டி.வி., வீடியோ டெக், ஜெனரேட்டர் எல்லாம் எங்கள் சுகாதார ஜீப்பில். வண்டி ஓட்டுவதும் படம் போடுவதும் மாணிக்கம். எனக்குப் புது வேலை: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, திரையைப் பார்க்கிற தலைகளை எண்ணி எழுதுவது. எந்த இடத்தில் ஜனம் எழுந்து போகிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம்.

பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பற்றி இரண்டு படம். முதல் படத்தில் ஒரு டாக்டர் மேசை முன் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். 62, 41, 23. ஒரு பெரியவர் எல்லார் காதிலும் விழ, "இவரு எப்பய்யா எந்திரிப்பாரு?"

இரண்டாவது, கதை. பிள்ளைக்குப் பேதி. புருஷன் வெளியூரில். தாய் தனியாக உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுக்கிறாள். 23, 58, 70. போனவர்கள் திரும்பி வந்தார்கள்! வாசலில் ஒருவன் பீடிக்குக் கிழித்த தீக்குச்சியை மறந்து விரலைச் சுட்டுக்கொண்டான்.

இரண்டிலும் சொன்னது ஒரே விஷயம். எப்படி இது?

ஜூலை 9.

வெயில். ஜீப் பஞ்சர். பஸ்ஸில் வந்து குடையைத் தொலைத்தேன். தாளைப் பார்த்த டாக்டரம்மா: "ஒரு ஊரு போதாதும்மா. ஆண்டிமடத்துலயும் எண்ணிட்டு வாங்க."

ஜூலை 11. ஆண்டிமடம் பக்கம் ஒரு கிராமம்.

புழுக்கம்.

இன்று கதைப் படம் மட்டும். பெண்கள் முந்திரி உடைத்த கறைக் கையோடு வந்திருந்தார்கள். 54, 66. தாய் தண்ணீர் கலக்கும் இடத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி விருட்டென்று எழுந்து ஓடினாள். எரிச்சல். ஒன்றைக் கழித்தேன்.

படம் முடிகிற நேரம் வந்தாள். இடுப்பில் துவண்ட பிள்ளை, கையில் செம்பு. பெயர் அஞ்சலை.

"அக்கா, காலையிலேருந்து தண்ணியா போறான். படத்துல மாதிரியே கலக்கிட்டேன். உப்பு எவ்வளவுன்னு பாக்காம ஓடிட்டேன். அந்த எடத்த இன்னொருக்கா போடச் சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் மாணிக்கம் டேப்பைப் பின்னால் ஓட்டிவிட்டார். படத்துத் தாய் சொல்கிறாள், கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்று. அஞ்சலை செம்பில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். பிறகு தன் கன்னத்தைத் துடைத்து அந்த விரலையும்.

"கரிக்கலக்கா."

ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். பிள்ளை விழுங்கியது. டி.வி. தன்பாட்டுக்கு ஓடிற்று. பழக்கத்தில் நிமிர்ந்து எண்ணினேன். எல்லார் கண்ணும் அந்தப் பிள்ளையின் தொண்டையில்.

திரையைப் பார்த்தவர்கள்: 0.

அப்படியே எழுதினேன். உடனே பிள்ளையை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரி. வழி முழுக்க அவள் ஊட்டுவதை நிறுத்தவில்லை.

ஜூலை 12.

தூறல். முதல் வேலையாக ஆஸ்பத்திரி. நர்ஸ்: "மூத்திரம் போயிட்டான். இனிமே பயமில்லீங்க." பிள்ளை என் தாளைப் பிடுங்கப் பார்க்கிறது.

சுற்றிலும் மற்ற தாய்மார்கள். அஞ்சலை நேற்றைய படத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். படத்தில் கடைசியில் புருஷன் வந்துவிடுவான். இவள் கதையில் அவன் வரவே இல்லை, எல்லாம் அவளேதான்.

"அப்புறம்?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.