சாமத்திய வீட்டு வீடியோவின் கடைசிக் காட்சி

மகளின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் நலத்தைப் போன மாதம் வாடகைக்கு எடுத்த ஆங்கிலப் படத்தில் பார்த்தேன்.

மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு முதல்நாள் தொலைபேசியில், "மலை றோட்டைப் பனி மூடிப்போட்டுது, ரொறன்ரோவுக்கு வர ஏலாது" என்றீர்கள். நம்பினேன். நீங்கள் வேலை செய்யும் அந்தச் சின்ன மலையூரில்தான் படத்தை எடுத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது; தெருவில் கட்டிய பதாகையில் மகளின் விழா நாளின் திகதி. தெருக்கூட்டத்தில், மகளின் விழாவுக்கென்று நான் தபாலில் அனுப்பிய பட்டுச் சட்டையோடு, ஒருத்தியின் தோளில் கைபோட்டபடி நிற்கிறீர்கள்.

வீடியோக்காரன் விழா வீடியோவைத் தராமல் ஒரு வருடம் இழுத்தடித்தது நல்லதாகப் போயிற்று. ஆராத்திக்குப் பிறகு அந்தக் காட்சியையும் சேர்க்கச் சொன்னேன். லண்டனில் உங்கள் அக்காவுக்கும் பாரிஸில் அண்ணருக்கும் கொப்பி போய்விட்டது.

தகப்பன் எங்கே என்று இனி ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
சட்டை அனுப்பியவள்