மூடிய அறையில் சொன்னது

நெப்ராஸ்கா, மார்ச் 4, 2019

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

நலம்தானே? முட்டிவலி எப்படி? இங்கே உருகிய பனி மறுபடி உறைந்துவிட்டது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கணவர் டெல்பர்ட் இறந்த தானியக் கிடங்கு வெடிப்புக்காகக் கம்பெனி மேல் சிவில் வழக்குப் போட்டாயே, அதில் அங்கே வேலை பார்த்தவனாக நான் கொடுத்த வாக்குமூலத்தை இப்போது அரசு வழக்கறிஞர் கேட்கிறார். கிரிமினல் வழக்காம். வெளியே யாருக்கும் சொல்லவோ காட்டவோ கூடாதென்று நீதிபதி உத்தரவிட்ட காகிதம் அது. திறக்கலாமா என்று நீதிபதி உன்னையும் கம்பெனியையும் கேட்டிருக்கிறார். கம்பெனி ஆட்சேபிக்கிறது. நீயும் ஆட்சேபித்தால் திறக்க மாட்டார் என்கிறார் என் வக்கீல். பொறி பட்டால் வெடிக்கும் அந்தத் தானியத் தூசியைப் பெருக்காமலே பெருக்கியதாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்தால் எனக்கு ஜெயில்தான். ஆட்சேபணையில் ஒரு கையெழுத்துப் போடம்மா.

உன் அண்ணன்,
வெர்லின்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

முட்டிவலிக்குக் குறைவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்த உத்தரவு என் வாயையும் சேர்த்துத்தான் கட்டியது. ஞாயிறுதோறும் சர்ச்சில் காபி குடிக்கும்போது மாமியார் கையைப் பிடித்துக்கொள்கிறார். "எம்புள்ள எப்படிம்மா செத்தான்? இவ்வளவு நாள் கேஸ் நடத்துனியே, ஒண்ணுமா தெரியல?" என்கிறார். "தெரியல அத்தை" என்கிறேன். எதிரே உட்கார்ந்து நான்கு மணி நேரம் நீ சொன்னதையெல்லாம் கேட்டவள் நான். பெற்றவளிடம் இன்னும் எத்தனை நாள் பொய் சொல்ல?

மார்லிஸ்

மார்ச் 13

மார்லிஸ்,

"வாயத் தெறக்காதீங்க, பதில் சொல்லமாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு" என்று வக்கீல் அன்றே தலைபாடாய் அடித்துக்கொண்டார். கேட்டேனா? நீ ஜெயிக்க வேண்டுமென்று பேசினேன். வெளியே போகாது என்று நம்பிப் பேசினேன். "லாரி நிக்குது, பெருக்குனதா எழுதிப் போடுய்யா" என்றது மேனேஜர் ஹாக்மன். மாட்டுவது நானா? நன்றாக இருக்கிறது உன் நன்றி. இனி எனக்கு எழுதாதே.

வெர்லின்

மார்ச் 22

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நேற்று கோர்ட்டில் கம்பெனிக்கு மூன்று வக்கீல்கள். "உங்களுக்கு ஆட்சேபணை உண்டாம்மா?" என்றார் நீதிபதி. "இல்லைங்க ஐயா, தெறங்க" என்றேன். உத்தரவையே ரத்து செய்துவிட்டார். வராந்தாவில் அந்த மூவரில் ஒருவர் வழிமறித்து, "சொந்த அண்ணனையே உள்ள தள்றீங்களே?" என்றார். "அதுல ஹாக்மன் பேரு பதினேழு எடத்துல வருது. அதுக்குத்தான இந்தப் பாடு படுறீங்க?" என்றேன். மனிதர் டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

எனக்காகத்தான் பேசினாய், தெரியும். அந்தக் கம்பெனியில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஹாக்மன் சொன்னது வேறெந்தக் காகிதத்திலும் இல்லை. உன் வாக்குமூலம் மூடியே கிடந்தால், அரசிடம் இருப்பது உன் கையெழுத்துள்ள பதிவேடு மட்டும்தான். வாயைத் திறக்காதே என்று சொன்ன உன் வக்கீலுக்குப் படியளப்பது யார் என்று இனியாவது யோசி. கம்பெனிதானே?

சாயங்காலம் அத்தையிடம் எல்லாம் சொன்னேன்.

"இத்தனையும் வெர்லின் வாயாலயே சொன்னானா?"

"ஆமா அத்தை."

"அப்ப அவனே வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். கதவ சாத்தமாட்டேன்."

வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் தங்கை,
மார்லிஸ்