நரி முத்திரைச் சவரக்கத்தி

சோலிங்கன்,
17 அக்டோபர் 1954, ஞாயிறு.

அன்பு மகன் ஜெரோல்டுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை, முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழை போன பிறகும் இருந்துவிட்டுப் போகிறது. நீயும் அந்தக் கனடாக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் தங்கை இர்மாவின் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, அப்பாவின் பெயரையே வைத்திருக்கிறோம், ஏவால்ட். அன்று வீட்டில் வாஃபிள் அப்பமும் அரிசிப் பாயசமும் செய்தேன், மாப்பிள்ளை மட்டும் ஏழு அப்பம் தின்றார். இருக்கட்டும், நீ காத்திருப்பது இந்தச் சேதிக்காக இல்லை என்று தெரியும். நீ அங்கே வாங்கிய சவரக்கத்தியை அனுப்பிய பார்சல் ஜூலையிலேயே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு, ஒரு காரியம் முடியட்டும் என்று இருந்தேன்.

கத்தி பிடிக்க எனக்குக் கை வரவில்லை, அம்மா, கன்னமெல்லாம் கீறல் என்று எழுதியிருந்தாய். குற்றம் உன் கையில் இல்லை. பெட்டியைத் திறந்ததும் முத்திரையைத்தான் பார்த்தேன், கூரைமேல் உட்கார்ந்த நரி, உன் அப்பாவின் முத்திரை. ஆனால் கத்தி அவருடையது அல்ல, எடுத்த மாத்திரத்தில் விரல் சொல்லிவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏமாறுவது இப்படித்தான், அலகில் பொன் எழுத்தும் பிடியில் சிப்பி மினுக்கும் இருந்தால் உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். பிடியா சவரம் செய்யப் போகிறது? அலகைத் தட்டையான கல்லில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும், முதுகும் கூரும் நீளம் முழுக்கக் கல்லைத் தொட வேண்டும். உன்னுடையது இரண்டு ஓரத்திலும் தொட்டு நடுவில் தூக்கிக்கொண்டு நின்றது. மூடும்போது அலகு பிடிக்கு நடுவில் இறங்க வேண்டும், உன்னுடையது ஒரு பக்கமாக உரசியது. இதையெல்லாம்கூடச் சரிசெய்துவிடலாம். இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் கத்திகளுக்குக் கடைசிக் கூர் வைத்தவள் நான், மூன்று நாள் கல்லில் தேய்த்து, தோல் வாரில் இழுத்து, முடி பட்டால் அறுகிற நிலைக்குக் கொண்டுவந்தேன். முன்கையில் பத்து இழுப்பு, மழுங்கிவிட்டது. திரும்பத் தீட்டினேன், திரும்ப மழுங்கியது. நெருப்பில் பதமே ஏற்றாத வெறும் இரும்பு அது, யார் தீட்டினாலும் நிற்காது.

நீ கப்பல் ஏறிய பிறகு நடந்ததை நான் உனக்கு எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பாவுக்குச் சாணைத் தூசி நெஞ்சில் இறங்கி, எட்டு மாதம் மலை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரிடம் கத்தி வாங்கி விற்றுக்கொண்டிருந்த எங்கெல்பெர்ட் ஹாகெ ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் படுக்கையருகில் உட்கார்ந்து, முத்திரையைப் புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது, நானே பதிந்துவிடுகிறேன் என்று கையெழுத்து வாங்கினான். பதிந்தது அவன் பெயரில். பிறகு எங்கிருந்தோ மட்டக் கத்திகளைக் கொண்டுவந்து, நரியையும் இந்த ஊர்ப் பெயரையும் குத்தி விற்றான். முடிதிருத்துகிறவர்கள் குறை சொன்னபோது, கடை கடையாகப் போய், ஏவால்டுக்குக் கை போச்சுங்க, பாவம், நோயாளி, நான்தான் இரக்கப்பட்டு வாங்கிட்டிருக்கேன் என்று சொன்னான். தீல்மனின் முடிதிருத்தும் கடையில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது அப்பா இதைத் தன் காதாலேயே கேட்டார். வீட்டுக்கு வந்து, எனக்குக் கை போச்சாம் வால்புர்கா என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பட்டறைக்குப் போகவில்லை. பிப்ரவரியில் கண்ணை மூடிவிட்டார்.

ஆக உன் கத்தியை எடுத்துக்கொண்டு நான் தீல்மனிடம் போனேன். அவர் இப்போது முடிதிருத்துவோர் சங்கத்துக்குத் தலைவர், அன்றைக்கு அந்தப் பேச்சை நம்பியதற்கு இன்றும் வெட்கப்படுகிறவர். செப்டம்பர் முதல் வாரம் சங்கக் கூட்டம், நானும் போயிருந்தேன், ஹாகெ புதுச் சரக்கோடு வந்திருந்தான். முப்பது பேருக்கு முன்னால் தீல்மன் உன் கத்தியைப் பெட்டியோடு நீட்டி, இது உங்க சரக்குதானா, பாத்துச் சொல்லுங்க என்றார். அவன் முத்திரையைப் பார்த்து, தன் பெட்டிச் சீட்டையும் பார்த்து, என்னோடதேதான், கனடா வரைக்கும் போய்ட்டு வந்திருக்கு பாருங்க என்று பெருமையடித்துக்கொண்டான். அப்ப உங்க முகத்துலயே காட்டிடலாமே என்றார் தீல்மன். எல்லாரும் சிரித்தார்கள், அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நான் எழுந்து, கூர் வச்சது நான்தான், நம்பி உக்காருங்க என்றேன். நான் வைக்கிற கூர் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. கன்னத்தில் நாலைந்து இழுப்பு நன்றாகத்தான் போனது, அவனும் சிரித்தான். தாடை எலும்புக்கு வந்ததும் கத்தி முடியைப் பிடுங்க ஆரம்பித்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தான். தாடி கொஞ்சம் கெட்டிதான் உங்களுக்கு என்று தீல்மன் பணிவாகச் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் வந்தது, சோப்பு நுரை சிவந்தது, போதும்யா, விடுய்யா என்றான். நான் அவன் முகத்துக்கு நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஜெரோல்ட், ஒரு சொட்டையும் விடாமல் பார்த்தேன். மறுபாதியை அப்பாவின் கத்தியால் மழித்தார், அவனுக்குத் தொட்டதே தெரியவில்லை. வால்புர்கா தீட்டியும் நிக்கலேன்னா அது இந்த ஊர் எஃகே இல்ல என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இந்த ஊர்ப் பெயரைப் பொய்யாகக் குத்தி விற்கிறான் என்ற புகார் மனுவோடு நான் முத்திரைப் பதிவு அலுவலக வாசலில் நின்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாகெ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் தோட்டக் கதவுக்கு வந்தான். மனுவ வாபஸ் வாங்கிடுங்க வால்புர்காம்மா, பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கு, ஊர் சிரிக்குது என்றான். நான் கதவைத் திறக்கவில்லை. ஏவால்டுக்குக் கை போச்சுன்னு எந்தெந்தக் கடையில சொன்னீங்களோ, அந்தந்தக் கடையில போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க, வாபஸ் வாங்கிடறேன் என்றேன். பதினான்கு கடை, நாலு நாள் அலைந்தான். தீல்மன் கடையில் தொப்பியை மடியில் வைத்துத் தன் முறைக்குக் காத்திருந்து, வாடிக்கைக்காரர்கள் முன்னால், அந்தக் கத்திங்க ஏவால்ட் செஞ்சது இல்ல, நான் வெளியில வாங்கி அவர் முத்திரையக் குத்துனேன் என்றானாம். சனிக்கிழமை என்னிடம் வந்து, எல்லாக் கடைக்கும் போய்ட்டேன் என்றான். நல்லது, போய்ட்டு வாங்க என்றேன். மனுவை நான் வாபஸ் வாங்கவில்லை. அந்தப் பதினான்கு பேரும் கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போடச்சொல்லி, அதையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன். அதிகாரிகள் அவன் சரக்குக் கிட்டங்கியைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள், வழக்கு நடக்கிறது. பெண்ணின் நிச்சயம் முறிந்துவிட்டதாம். அந்தப் பெண் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. மற்றது எதுவும் உறுத்தவில்லை. வாக்குத் தவறியது பாவம் என்கிறார் பாதிரியார், சரிதான் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். இர்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று மறைக்காமல் எழுது.

இத்துடன் அப்பா உடம்பு நன்றாக இருந்தபோது முடித்த கத்தி ஒன்றை அனுப்புகிறேன். அலகின் நுனி மூலை உருண்டையாக இருக்கும், பழகுகிறவனுக்கு அதுதான் நல்லது, கூர்மூலை காது மடலைத் தேடிப் போகும். கூர் நானே வைத்திருக்கிறேன், ஆறு மாதத்துக்குக் கல்லைத் தொடாதே. சவரத்துக்கு முன்னால் தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி முப்பது இழுப்பு இழு, திருப்பும்போது முதுகின் மேல் புரட்டு, கூர்ப்பக்கம் புரட்டினால் வாரும் போகும் கூரும் போகும். முதல் வாரம் கன்னம் மட்டும், தோலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்து, அலகை நிமிர்த்தாமல், எடையே கொடுக்காமல் இழு. மேல் உதட்டுக்கும் மோவாய்க்கும் ஒரு மாதம் போகட்டும். துடைத்து நன்றாகக் காயவிட்டு மூடு.

கடவுள் உன்னைக் காக்கட்டும், அவரிடம் நான் இப்போது அதிகம் பேசுவதில்லை, இர்மாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, மனதில் யார்மீதாவது கோபம் இருக்கிற காலையில் கத்தியை எடுக்காதே, கை கனத்துவிடும். அன்றைக்குத் தாடியோடே வேலைக்குப் போ. நீ என் பிள்ளை, உனக்கு அப்படிப்பட்ட காலைகள் வரும்.

என்றும் உன் நலம் வேண்டும் அம்மா,
வால்புர்கா