வேதத்தின் மேல் கை வைத்துச் சொன்ன பொய்

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் பக்கத்து ஃப்ளாட் வங்காளிப் பெண் மிதாலி உதடு கிழிந்து ரத்தத்தோடு ஓடி வந்தாள். அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துவதற்குள் அவள் புருஷன் வாசல் மணியை அடித்துவிட்டான்.

"மிதாலி இங்கே வந்தாளா?"

"வரலை."

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மேஜை மேல் இருந்த பைபிள் கண்ணில் பட்டது. "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. அது மேல கை வெச்சுச் சொல்லுங்க, போயிடறேன்" என்றான். கை வைத்துச் சொன்னேன். போய்விட்டான்.

போதகருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பெண்ணைக் காப்பாத்தினது சரிம்மா. ஆனா வேதத்து மேல கை வெச்சிருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணுங்க."

என் வீட்டுக்காரர் சாமுவேல் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளைக் காட்டிக் கொடுத்திருந்தா அதுதான் பாவம். இதுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

முழங்காலில் நின்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வருத்தமே இல்லாமல் எப்படிக் கேட்பது? என் மனசு சொல்வதுதான் தேவன் சொல்வது என்று நான் எப்படி நம்புவது? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

"எனக்காகப் பொய் சொன்னீங்களே, உங்க சாமி கோவிச்சுக்குவாரா?" என்று மிதாலி கேட்டாள்.

"தெரியலை" என்றேன்.

போலீசுக்குப் போக மாட்டேன் என்கிறாள். காலையில் அவள் அண்ணன் வந்து கூட்டிப் போவானாம்.

லிஃப்ட் இப்போது எங்கள் மாடியில் நின்றது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை; வந்தவன் எங்கள் வாசலில்தான் நிற்கிறான் போல. சாமுவேலை எழுப்பப் போகிறேன்.