விளக்கு அணையாத கிணறு

அன்பு மகன் அழகமுத்துவுக்கு, வில்கமுவவிலிருந்து அம்மா காத்தாயி எழுதுவது. எனக்குச் சுகம். நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாயிருக்க மாரியம்மாவை வேண்டுகிறேன்.

இங்கே சின்ன விஷயம் ஒன்று நடந்தது, பயப்படாதே. நான் சமைத்துப்போடும் பண்ணையில் கிணறு தூர்வார, பெற்றோலில் ஓடும் தண்ணீர் மெசினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டினார்கள். பிறகு, உள்ளே கெட்ட காற்று இருந்தால் அணைந்துவிடும் என்று, வழக்கம்போல விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்த்தோம். நன்றாகவே எரிந்தது. "விளக்கே எரியுது, எனக்கு என்ன வரப்போகுது?" என்று சிரித்தபடி இறங்கிய பண்ணையாள் சாலிஹ் பாதியிலே சரிந்துவிட்டான். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் பிழைக்கவைத்தோம்.

ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா சொன்னார்: "காத்து ஒரே பொருள் இல்லம்மா, கலவை. கூரை ஓட்டை வெயில்ல மிதக்கிற தூசி கண்ணுக்குத் தெரியும். புகை அதைவிடப் பொடி. காத்தோ கண்ணுக்கே சிக்காத பொடி. அதுல அஞ்சுல ஒரு பங்குதான் உசிருக்கும் விளக்குக்கும். மெசின் விடுற நஞ்சு துளி கலந்தாலே ஆள் விழுவான். விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

அன்றிலிருந்து மூச்சு இழுக்கவே பயமாயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை உன் மாமன் நாகமுத்து தோட்டத்து லயத்து வீடுகளின் கிணற்றில் மெசின் இறக்கி, உன்னையும் இறக்கப்போவதாக எழுதியிருந்தாயே. உன் அப்பாவைக் காய்ச்சலோடு மலைக்கு வேலைக்கு விரட்டியவன் அவன், நான் மறக்கவில்லை. அவன் விளக்கைக் காட்டினாலும் இறங்காதே. மெசின் மேலேயே நிற்கட்டும்.

சின்னவளின் பழைய சட்டை ஒன்று அனுப்பு, தலையணைக்கு உறை இல்லை. பஸ் கிளம்புகிறது, இந்தக் கடிதத்தை உக்குவளைக் கடையில் கொடுக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். இறங்கவில்லை என்று உன் கையாலேயே எழுது. மருமகள் எழுதினால் நம்பமாட்டேன்.